உலக முடிவுக்கு ஒரு சுற்று நடை: யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

உலக முடிவு இருப்பது நுவரெலியாவுக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளி என்ற தேசியப் பூங்காவில். அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு தடவை போய் வந்திருக்கிறேன். முதல் தடவை தனியே போனேன். பிறகு ஒவ்வொரு தடவையும் மலையே ஏறியிராதவர்களைக் கூட்டிக்கொண்டுதான் போனேன்: மாமிமார், பள்ளிக்கூட நண்பர்கள், கனடாவிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம். அவர்கள் தடுமாறிய இடங்கள் அநேகமாக ஒன்றே. கால் வலியால் பாதியில் திரும்பியவர் யாரும் இல்லை. இரவிரவாகப் பஸ்ஸில் வந்தும் நேரம் பிந்தியதால் மலை விளிம்பில் வெள்ளைப் புகாரை, அதாவது மூடுபனியை, மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டி அந்தப் புகாரின் நேரத்திலிருந்து தொடங்குகிறது. மற்றப் படிகளெல்லாம் அதை ஒட்டியே வருகின்றன.

1. மூடுபனியின் நேரத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நடை ஒரு வட்டம். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவீர்கள். மொத்தம் ஏறத்தாழ 9.5 கிலோமீற்றர். புல்வெளியும் குட்டை மரக் காடும் மாறி மாறி வரும். நடுவில் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பு. அதிலிருந்து கீழே ஏறத்தாழ 870 மீற்றர் ஆழம்.

காலையில் அந்த விளிம்பில் நின்றால் கீழே தேயிலைத் தோட்டங்கள், குளங்கள், அதற்கப்பால் தென்திசைத் தாழ்நிலம் எல்லாம் விரிந்து கிடக்கும். வானம் நன்றாகத் தெளிந்த நாளில் தொலைவில் கடலும் ஒரு கோடாகத் தெரியும். 9 மணி தாண்டியதும் நிலைமை மாறத் தொடங்கும். கீழ்நிலம் வெயிலில் சூடேற, அங்குள்ள ஈரக் காற்று பாறைச் சுவரோடு மேலே ஏறுகிறது. மேலே குளிர் பட்டதும் அது புகாராகிறது. அடுப்பில் பால் பொங்கி விளிம்புக்கு வருவதைப் போல, பள்ளத்திலிருந்து எழும்பி உங்கள் காலடிக்கு வந்துவிடும். 10 மணிக்குப் பிறகு பெரும்பாலான நாட்களில் முன்னால் ஒன்றும் தெரியாது.

ஆகவே 8 மணிக்கு, பிந்தினால் எட்டரைக்கு, நீங்கள் விளிம்பில் நிற்க வேண்டும்.

2. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நடை தொடங்கும் இடத்திலிருந்து உலக முடிவு 4 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. வேகமாக நடப்பவருக்கு ஒரு மணித்தியாலம் போதும். சமதரையில் வளர்ந்த எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள். அப்படியென்றால் ஆறே முக்காலுக்கு நடக்கத் தொடங்கியாக வேண்டும்.

அதற்கு முன் டிக்கெட், பை சோதனை, மலசலகூடம். ஒரு வான் நிறைய ஆட்கள் என்றால் முக்கால் மணித்தியாலம் போய்விடும். வாயில் 6 மணிக்குத் திறக்கிறது. திறக்கும்போதே அங்கே நில்லுங்கள்.

நுவரெலியா நகரிலிருந்து வாயிலுக்கு இருளில், வளைவு வீதியில், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். ஆகவே நாலே முக்காலுக்கு வான் புறப்பட வேண்டும், 4 மணிக்கு எல்லோரும் எழும்ப வேண்டும், முதல்நாள் இரவு 9 மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, கூட வருகிற எல்லோருக்கும் புறப்படுவதற்கு முன்பே காட்டுங்கள். அதிகாலை நாலு மணிக்கு, குளிரில், போர்வைக்குள் இருக்கும் ஒருவருக்கு இதை விளங்கப்படுத்த முடியாது. நான் முயன்றிருக்கிறேன்.

3. மாதமும் நாளும்

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மழை குறைவு, காலை வானம் தெளிவு. அதே மாதங்களில்தான் குளிரும் கடுமை. சில விடியல்களில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையோடு வரும். அந்த மாதங்களில் போகவே கூடாது என்றில்லை, காட்சி கிடைக்காமல் போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டு போக வேண்டும்.

ஏப்ரல் புத்தாண்டுக் காலத்தில் நுவரெலியா நிரம்பி வழியும். அறை வாடகையும் ஏறும், வாயிலில் வாகன வரிசையும் நீளும். வரிசையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் காட்சியிலிருந்து கழிகிறது. போயா விடுமுறையையும் நீண்ட வார இறுதியையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள். செவ்வாய், புதன் நல்லது.

4. இரண்டு வாரத்துக்கு முன்னரே கால்களைப் பழக்குங்கள்

குடாநாட்டில் பனையைவிட உயர்ந்த தரை இல்லை. கீரிமலைக்குப் பெயரில்தான் மலை இருக்கிறது. எங்கள் கால்கள் தூரத்துக்குப் பழகியவை; ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பழகாதவை.

தூரத்துக்கு, மாலையில் பண்ணை வீதியில் நடந்தால் போதும். ஏற்றத்துக்கு நான் கண்ட நல்ல இடம் மணற்காடு. அங்குள்ள மணற்குன்றுகளில் அரை மணித்தியாலம் ஏறி இறங்குங்கள். மணல் காலை உள்ளே இழுப்பதால் கெண்டைத் தசை இரட்டிப்பாக வேலை செய்யும். வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு வாரம். வடமராட்சிப் பக்கம் போக வசதியில்லாதவர்கள் மாடிப்படியில் ஏறி இறங்கலாம். இறங்குவதைத் தவறவிடாதீர்கள். அடுத்தநாள் நோவைக் கொடுப்பது ஏறியது அல்ல, இறங்கியது.

புதிய சப்பாத்து வாங்கியிருந்தால் அதைப் போட்டுக்கொண்டே பழகுங்கள். கடைப் பெட்டியிலிருந்து நேரே மலைக்குப் போன சப்பாத்து இரண்டாவது கிலோமீற்றரில் குதிக்காலைக் கடிக்கும்.

மூச்சைப் பற்றியும் ஒரு சொல். சமவெளி 2100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் எங்கள் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிறிய ஏற்றத்திலும் மூச்சு வாங்கும். அது இயல்பு, பயப்பட வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். இதய நோய் உள்ளவர்கள் தங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பைக்குள் வையுங்கள். குளிர்காற்று இழுப்பைத் தூண்டும் நேரத்தில் அது வானுக்குள் இருந்து பயனில்லை.

5. முதல் இரவு பஸ்ஸில், இரண்டாம் இரவு கட்டிலில்

பலர் செய்யும் பெரிய தவறு இதுதான்: இரவு பஸ்ஸில் வந்திறங்கி, அப்படியே சமவெளிக்குப் போகலாம் என்று நினைப்பது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி ஏ9 வீதியால் 321 கிலோமீற்றர். அங்கிருந்து நுவரெலியாவுக்கு இன்னும் ஏறத்தாழ 77 கிலோமீற்றர் மலைவீதி. எப்படி ஓடினாலும் 6 மணிக்கு வாயிலில் நிற்க முடியாது. நின்றாலும் தூக்கமில்லாத கால்களோடுதான் நிற்பீர்கள்.

எனவே மாலையில் புறப்பட்டு விடியக் கண்டியில் இறங்குங்கள். முகம் கழுவி, சாப்பிட்டு, பகல் பஸ்ஸில் நுவரெலியாவுக்கு ஏறுங்கள். றம்பொடைப் பக்கத்து வளைவுகளில் வயிறு புரட்டும்; காலைச் சாப்பாட்டை அரை வயிற்றோடு நிறுத்துங்கள், வாந்தி வருகிறவர்களை முன் இருக்கையில் இருத்துங்கள். மதியத்துக்குள் அறைக்குப் போய்விடலாம். உடம்பு உயரத்துக்கும் குளிருக்கும் பழக அந்த அரைநாள் உதவும்.

அன்று மாலையே இரண்டு வேலைகளை முடியுங்கள். ஒன்று, வான் பேசுவது. நுவரெலியாவில் வாகனம் ஓட்டுகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். “நாலே முக்காலுக்கு வாசலில் நிற்க வேண்டும், அண்ணன்” என்று சொல்லி, போகவர வாடகையையும் காத்திருக்கும் நேரத்தையும் ஒன்றாகப் பேசி முடியுங்கள். மற்றது, காலைச் சாப்பாட்டுப் பொதியை இரவே விடுதியில் சொல்லி வைப்பது.

ரயிலில் ஒஹியவுக்குப் போய் அங்கிருந்து நடக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாதை அழகானது. ஆனால் ஒஹிய நிலையத்திலிருந்து நடை தொடங்கும் இடத்துக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றர், முழுவதும் ஏற்றம். சுற்று நடைக்கு முன்பே அந்தத் தூரத்தை நடந்தால் காலும் போய்விடும், காலையும் போய்விடும். முதல்நாள் ரயிலில் வந்து ஒஹியவிலோ பட்டிப்பொலவிலோ தங்கி, விடிய வாகனத்தில் போவது வேறு; அது நல்ல ஏற்பாடு. மழைக்காலத்தில் மலையக ரயில் பாதை மண்சரிவால் தடைப்படும். புறப்படும் முன் நிலையத்தில் விசாரியுங்கள்.

6. உடுப்பு

சமவெளியின் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவு. விடியலில் அதைவிட நன்றாகக் குறையும். 9 மணிக்குப் புல்வெளியில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரண்டும் ஒரே காலைக்குள் வரும்.

ஆகவே ஒரே தடித்த குளிர்ச்சட்டை வேண்டாம். அதைப் போட்டால் அரை மணித்தியாலத்தில் வியர்க்கும், கழற்றினால் வியர்வை குளிரும். மெல்லிய சட்டை, அதற்குமேல் சுவெற்றர், அதற்குமேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி என்று அடுக்காக உடுத்துங்கள். சூடு ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைக்குள் வைக்கலாம். தொப்பியும் வேண்டும். குளிர்கிறதே என்று வெயிலை மறந்தவர்களின் மூக்கு மாலையில் சிவந்துபோகும்.

செருப்பு வேண்டாம். பாதையில் உருளும் கற்கள், மழை அரித்த பள்ளங்கள், வேர்கள், ஈரக்களி எல்லாம் உண்டு. அடியில் பிடிப்புள்ள சப்பாத்தும் தடித்த காலுறையும் போதும். சேலையில் வருகிற மாமிமாரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அன்று ஒரு நாளைக்குச் சல்வார் போட்டு வாருங்கள். இறக்கத்தில் கால் வைக்கும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

7. பொலித்தீன் இல்லாத சாப்பாடு

நடை தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் பை, பிஸ்கட் உறை, போத்தலில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் அங்கேயே கழற்றப்படும். நெருப்புப்பெட்டி, சிகரெட் உள்ளே போகாது. இதில் நியாயம் இருக்கிறது. காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். எறியப்பட்ட உறைகளை மரைகள் உப்புக்காகவும் வாசனைக்காகவும் தின்றுவிடுகின்றன. அது குடலை அடைத்து அவற்றைக் கொல்கிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்த மேட்டிலிருந்து நீர் போகிறது. இங்கே விழும் குப்பை இங்கேயே நிற்காது.

முதல் தடவை வந்த என் மாமியின் பையில் நாலு பிஸ்கட் பொதி, முடிச்சுப் போட்ட பொலித்தீன் பையில் வடை, தனித்தனி உறையில் இனிப்புகள். மேசையில் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். வடையைப் போட ஏனம் இல்லை. மாமி தோளில் இருந்த சால்வையை விரித்து அதில் கொட்டினார். எண்ணெய் ஊறிய சால்வையை யார் தூக்குவது என்பதில் இன்னும் கொஞ்ச நேரம் போனது. நாங்கள் நடக்கத் தொடங்கியபோது ஏழரை. அன்று உலக முடிவில் பாதிக் காட்சிதான் கிடைத்தது.

அடுத்த தடவை மாமி பனையோலை மூடல்பெட்டியோடு வந்தார். சோதித்தவர் மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார், அனுப்பிவிட்டார். ஒரு நிமிடமும் ஆகவில்லை.

எங்கள் ஊரில் இதற்கான எல்லாமே இருக்கிறது. பனங்கட்டி ஓலைக் குட்டானிலேயே வருகிறது; ஏற்றத்தில் களைத்த உடம்புக்கு ஒரு துண்டு பனங்கட்டியும் ஒரு வாய் தண்ணீரும் உடனே பிடிக்கும். பருத்தித்துறைத் தட்டைவடை நாட்கணக்கில் கெடாது. பயற்றம் பணியாரம் சிறியது, வயிற்றில் நிற்கும். இவற்றை யாழ்ப்பாணத்திலேயே பெட்டியில் அடுக்கி வாருங்கள். புட்டையும் இடியப்பத்தையும் ஊரிலிருந்து கட்டி வராதீர்கள். மூன்றாம் நாள் காலையில் அவை சாப்பிடும் நிலையில் இருக்காது. காலைச் சாப்பாட்டுக்கு நுவரெலியாவில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வாழையிலையில் சுற்றி வாங்கி, சில்வர் பெட்டிக்குள் வையுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர், திரும்பப் பாவிக்கும் போத்தலில். குளிரில் தாகம் தெரியாது. தெரியாமலே உடம்பு காயும். தலையிடி வந்தபின் குடித்துப் பயனில்லை, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நாலு மிடறு குடியுங்கள்.

8. வாயிலில்

டிக்கெட்டைத் தருவது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். உள்நாட்டவர் கட்டணம் சிறியது, வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் உறவினர்களுக்கு இதை ஊரிலேயே சொல்லிவிடுங்கள். டிக்கெட் யன்னலில் நின்று வாதாடிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கட்டணம் குறையவில்லை, நேரம்தான் போனது.

டிக்கெட் எடுத்த பிறகு வாகனம் உள்ளே இன்னும் கொஞ்சத் தூரம் ஓடி, ஃபார் இன் என்ற கட்டடத்தடியில் நிறுத்தும். மலசலகூடம் அங்கேயே. சுற்றின் நடுவில் கிடைக்கும் என்று நம்பி நடக்காதீர்கள். அங்கே நிற்கும் மரைகள் மனிதருக்குப் பழகி, மிக அருகில் வரும். சாப்பாடு கொடுக்க வேண்டாம். கொம்புள்ள ஆண் மரைக்கு முன்னால் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்கவும் வேண்டாம்.

9. பிரிவில் உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள்

முதலில் திறந்த புல்வெளி. பனித்துளியில் சப்பாத்து நனையும். சிறிது தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும்: ஒன்று உலக முடிவுக்கு, மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு. வட்டம் என்பதால் எந்தப் பக்கம் போனாலும் முழுவதையும் நடப்பீர்கள். ஆனாலும் உலக முடிவு என்று பலகை காட்டும் பக்கமே திரும்புங்கள். நீர்வீழ்ச்சி மதியம் வரை காத்திருக்கும், காட்சி காத்திருக்காது. கூட்டம் போகும் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு போகாமல், பலகையை நின்று வாசியுங்கள்.

பிறகு காடு. இது எங்கள் வன்னிக் காடு போன்றதல்ல. மரங்கள் உயரமில்லை. காற்றுக்கு முறுகி, குடைபோல் தட்டையாக விரிந்திருக்கும். கிளையெல்லாம் பாசி தொங்கும். ஒரு தடவை பாசி ஒன்றை விரல் நுனியால் தொட்டேன். மழை பெய்யாத நாள், ஆனாலும் மணிக்கட்டு வரை நீர் வழிந்தது. புகாரிலிருந்து அந்த நீரைப் பிடித்து மண்ணுக்கு இறக்குவது இந்த மரங்களும் பாசிகளும்தான். கீழே குறிஞ்சி இனப் பற்றைகள் அடர்ந்திருக்கும். பறிக்க வேண்டாம், பாதையை விட்டு உள்ளே இறங்கவும் வேண்டாம். சிறுத்தை வாழும் காடு இது. பார்ப்பது அரிது, இருப்பது உண்மை.

நடக்கும் ஒழுங்கு: மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். இளையவர்கள் முன்னால் ஓடினால், பின்னால் வருகிறவர் அவர்களைப் பிடிக்க முயன்று மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். மெதுவானவரின் வேகம்தான் குழுவின் வேகம். ஓய்வு ஒரு தடவையில் இரண்டு நிமிடம், நின்றபடி. உட்கார்ந்தால் உடம்பு குளிர்ந்து கால் இறுகிவிடும்.

முதலில் வருவது சிறிய உலக முடிவு. அங்கேயே நின்றுவிடாதீர்கள். இதுதான் உலக முடிவு என்று நினைத்துச் சாப்பாட்டை விரித்து, அரை மணித்தியாலத்தை அங்கே செலவழித்த குழுக்களைக் கண்டிருக்கிறேன். ஐந்து நிமிடம் பாருங்கள், நடங்கள்.

10. விளிம்பில்

வந்ததும் முதலில் பாருங்கள். படத்தைப் பிறகு எடுக்கலாம். புகார் எழும்பத் தொடங்கினால் சில நிமிடத்தில் மூடிவிடும். அந்த நிமிடங்களைத் தொலைபேசித் திரையில் செலவழிக்காதீர்கள். நேரே கீழே பச்சைத் துண்டுகளாகத் தெரிவது நொன்பரெயில் தேயிலைத் தோட்டம். அதற்கப்பால் வெள்ளித் தகடு போல் மின்னுபவை நீர்த்தேக்கங்கள்.

விளிம்பிலிருந்து நன்றாகப் பின்னால் நில்லுங்கள். பாறை பனியில் வழுக்கும், காற்று திடீரென்று தள்ளும். படத்துக்காகப் பின்பக்கமாக அடி எடுத்து வைப்பதுதான் மிக ஆபத்தானது. பிள்ளைகளின் கையை ஒரு பெரியவர் விடாமல் பிடித்திருக்க வேண்டும், அவர் படம் எடுக்கக் கூடாது. இதை யார் செய்வது என்று முதல்நாளே பேசிவையுங்கள்.

நீங்கள் வரும்போதே மூடியிருந்தால் உடனே திரும்பாதீர்கள். இருபது நிமிடம் நில்லுங்கள். காற்று சில வேளை புகாரைக் கிழித்து வழிவிடும். என் இரண்டாவது பயணத்தில் பதினேழு நிமிடம் நின்றோம், ஒரு நிமிடம் திறந்தது. தேயிலைச் சரிவும் வீதியும் ஒரு லயத்தின் கூரையும் தெரிந்தன. கூட வந்த தம்பி ஒருவன் சத்தமே இல்லாமல் அழுதான்.

சாப்பாட்டை இங்கே, விளிம்பிலிருந்து தள்ளி, காற்றுப் படாத மரத்தடியில் சாப்பிடுங்கள். வாழையிலையையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

11. நீர்வீழ்ச்சி வழியாகத் திரும்புதல்

உலக முடிவிலிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு ஏறத்தாழ 2 கிலோமீற்றர். உயரம் 20 மீற்றர் அளவு. பார்க்கும் இடத்துக்கு இறங்கும் வழி செங்குத்து, எப்போதும் ஈரம். பக்கவாட்டாகக் கால் வையுங்கள், கையில் ஒன்றும் வேண்டாம். முழங்கால் நோகிறவர்கள் மேலேயே நிற்கலாம். தண்ணீரில் இறங்கக் கூடாது. நீரோட்டம் மேலே தெரிவதைவிட வேகமானது, அடிப்பாறை வழுக்கும்.

அங்கிருந்து மூன்றரைக் கிலோமீற்றர். திறந்த புல்வெளிதான் அதிகம். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்ற எண்ணத்தில் வேகமாக நடப்பது இங்கேதான். என்னோடு வந்தவர்களில் கணுக்கால் பிரண்ட மூவருக்கும் அது நடந்தது இந்தக் கடைசித் துண்டில். தொப்பியைப் போடுங்கள், மிச்சத் தண்ணீரைக் குடியுங்கள், பாதையைப் பார்த்து நடங்கள். முழுச் சுற்றுக்கும் நான்கு மணித்தியாலம் வைத்தால் பதினொன்றுக்கு வானடிக்கு வந்துவிடலாம்.

12. திரும்பும் பயணம்

ஈரக் காலுறையை வானிலேயே மாற்றுங்கள். ஒரு சோடி அதற்கென்றே வானில் வைத்திருங்கள். மதியச் சாப்பாட்டை நுவரெலியாவில் முடித்து, பிற்பகல் கண்டிக்கு இறங்கி, இரவு பஸ்ஸைப் பிடிக்கலாம்.

நடந்த கால்களோடு எட்டு மணித்தியாலம் மடங்கி இருந்தால் யாழ்ப்பாணத்தில் படி இறங்க முடியாது. தேநீருக்காகப் பஸ் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் நடங்கள். நித்திரையில் இருக்கும் மாமியையும் எழுப்புங்கள்.